லேசரைக் குளிர்விப்பதும் அதன் வெப்பநிலையை நிலைநிறுத்துவதும்

டயோடு லேசரின் ஒளியால் ஊட்டப்படும் திடநிலை லேசர்களைப் பற்றிப் பேச்சு எழும்போது, "அது சூடாகும், நன்றாகக் குளிர்விக்க வேண்டும்" என்ற ஒரு வரியோடு வெப்பநிலை பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. பாடமாகப் படிக்கும் மாணவர்களும், பழைய கருவிகளின் பாகங்களைக் கழற்றிச் சொந்தமாக லேசர் அமைக்க முயலும் ஆர்வலர்களும், எவ்வளவு குளிராக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இந்த எண்ணத்தில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். மறுபாதியிலுள்ள பிழை, விலையுயர்ந்த பாகங்களை அழிக்கும் அளவுக்குப் பெரியது. இந்தக் கருவியின் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய வெப்பநிலை ஒன்று உண்டு. அந்த வெப்பநிலையிலிருந்து அது மேலேயும் ஏறக் கூடாது, கீழேயும் இறங்கக் கூடாது.

தயிருக்கு உறை ஊற்றுபவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிவார்கள். கொதிக்கும் பாலில் மோரை விட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். சில்லென்ற பாலில் விட்டால் அவை மந்தமாகிப் பால் பாலாகவே கிடக்கும். கை பொறுக்கும் இளஞ்சூட்டில் உறை ஊற்றி, அந்தச் சூடு சில மணி நேரம் விலகாமல் பார்த்துக்கொண்டால்தான் தயிர் தோயும். ஆகவே கோடையில் பாலை ஆற்றுகிறோம், மார்கழியில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைக்கிறோம். இரண்டு செயல்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றாலும் நோக்கம் ஒன்றுதான். தேவைக்கேற்ப ஆற்றவும் சூடேற்றவும் செய்து ஒரு வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் இந்தச் செயலையே லேசர் பொறியியலில் வெப்பநிலை நிலைநிறுத்தம் என்கிறோம்.

கருவிக்குள் என்ன இருக்கிறது

இவ்வகை லேசரில் ஒளி இரண்டு கட்டங்களில் பிறக்கிறது. முதல் கட்டத்தில், மின்னோட்டம் பாயும்போது ஒளி உமிழும் குறைகடத்திச் சில்லான டயோடு லேசர், அகச்சிவப்பு ஒளியைத் தருகிறது. இந்த ஒளிக்குப் பம்ப் ஒளி என்று பெயர். இரண்டாம் கட்டத்தில், அந்தப் பம்ப் ஒளியை ஒரு படிகம் விழுங்கி, அதில் கிடைத்த ஆற்றலைக் கொண்டு வேறோர் அலைநீளத்தில் செம்மையான லேசர் கற்றையை உருவாக்குகிறது. படிகத்தின் இருபுறமும் உள்ள ஆடிகள் ஒளியை முன்னும் பின்னும் அனுப்பி வலுப்படுத்துகின்றன. ஆடிகளுக்கு இடைப்பட்ட இந்த வெளியை ஒத்ததிர்வுக் குழி என்பார்கள்.

மிகப் பரவலாகப் பயன்படும் படிகம் நியோடிமியம் கலந்த யாக். இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற பெயரின் சுருக்கமே யாக். இது லேசராக இயங்கக்கூடியது என்பதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் காட்டினார்கள். டயோடு லேசரின் ஒளியைக் கொண்டு ஒரு படிகத்தை லேசராக இயக்கும் முயற்சியும் அதே ஆண்டில் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் நடந்தது. ஆனால் அக்கால டயோடுகள் கடுங்குளிரில் மட்டுமே ஒழுங்காக வேலை செய்தன. எனவே பல ஆண்டுகளுக்கு நியோடிமியம் யாக் படிகங்கள் பளிச்சிடும் விளக்குகளின் வெள்ளொளியால்தான் ஊட்டப்பட்டன. அந்த வெள்ளொளியின் பெரும்பகுதி படிகத்துக்குப் பயன்படாத நிறங்களில் இருந்ததால் வீணாக வெப்பமாகியது. அறை வெப்பநிலையில் நம்பகமாக இயங்கும் வலிமையான டயோடுகள் 1980-களில் வரத் தொடங்கிய பிறகே இன்றைய வடிவம் நிலைபெற்றது.

டயோடு ஊட்டலின் சிறப்பு, படிகம் விரும்பும் நிறத்தை மட்டும் தர முடிவது. வெப்பநிலைச் சிக்கலின் வேரும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

808 என்ற எண்ணும் நழுவும் அலைநீளமும்

ஒவ்வொரு பொருளும் சில அலைநீளங்களை மட்டுமே நன்றாக விழுங்கும். இதற்கு உட்கவர்தல் என்று பெயர். நியோடிமியம் யாக் படிகம் 808 நானோமீட்டர் அலைநீளத்தை மிக நன்றாக உட்கவர்கிறது. ஆனால் அந்த உச்சம் ஓரிரு நானோமீட்டர் அகலமே உள்ளது. பம்ப் ஒளி அந்தக் குறுகிய வாயிலுக்குள் நுழைய வேண்டும். சற்றே விலகினாலும் ஒளியின் ஒரு பகுதி படிகத்தைத் தாண்டி வீணாக வெளியேறிவிடும்.

டயோடு உமிழும் ஒளியின் அலைநீளத்தைத் தீர்மானிப்பது அதன் குறைகடத்தியிலுள்ள ஆற்றல் இடைவெளி. ஓர் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது எவ்வளவு ஆற்றலை ஒளியாக விடுகிறது என்பதை இந்த இடைவெளிதான் குறிக்கிறது. குறைகடத்தி சூடாகும்போது இடைவெளி சுருங்குகிறது. விடப்படும் ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் நீள்கிறது. 808 நானோமீட்டர் வகை டயோடுகளில் இந்த நகர்வு ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர். பார்ப்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் டயோடு 10 டிகிரி சூடேறினால் அலைநீளம் 3 நானோமீட்டர் நகர்ந்து உட்கவர்தல் உச்சத்தை விட்டே விலகிவிடுகிறது. டயோடு அதே அளவு ஒளியை உமிழ்ந்துகொண்டிருந்தாலும் லேசர் கற்றை மங்குகிறது. டயோடு பழுதாகிவிட்டது என்று பலர் தவறாக முடிவு செய்வது இந்த நிலையில்தான்.

குளிர்ந்தால் என்ன ஆகும்? அதே நகர்வு எதிர்த்திசையில் நிகழும். 25 டிகிரியில் சரியாக 808 நானோமீட்டர் தரும் டயோடை 15 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது 805 நானோமீட்டருக்கு இறங்கிவிடும். படிகத்தைப் பொறுத்தவரை மிகைச்சூடும் மிகைக்குளிரும் ஒன்றுபோலவே கெடுதல்.

இதைவிடத் தெளிவான சான்று கடையில் வாங்கும் டயோடிலேயே இருக்கிறது. 808 என்று முத்திரையிடப்பட்ட டயோடுகள் உண்மையில் அந்த எண்ணுக்கு மேலும் கீழும் சுமார் 3 நானோமீட்டர் வரை வேறுபடலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். ஒருவர் கையில் கிடைத்த டயோடு 25 டிகிரியில் 805 நானோமீட்டர் தருவதாக வைத்துக்கொள்வோம். அதை 808-க்குக் கொண்டுவர 35 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். குளிர்விப்பதே நோக்கம் என்று எண்ணி அதை மேலும் குளிர்வித்தால், இலக்கிலிருந்து இன்னும் விலகிப் போவோம். மறுபுறம், சூடேறச் சூடேற டயோடின் ஆயுள் குறையும் என்பதும் மெய்தான். எனவே வடிவமைப்பாளர்கள் இத்தகைய டயோடைத் தவிர்த்து, மிதமான வெப்பநிலையில் உச்சத்தைத் தொடும் டயோடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம்: படிகம் ஒரு குறுகிய அலைநீளப் பட்டையை மட்டுமே விழுங்குகிறது, டயோடின் அலைநீளம் வெப்பநிலையோடு நகர்கிறது, ஆகவே டயோடின் வெப்பநிலையைப் பிடித்து வைப்பது அதன் நிறத்தைப் பிடித்து வைப்பதற்குச் சமம்.

படிகத்துக்குள் தங்கும் சூடு

808 நானோமீட்டர் ஒளியை விழுங்கும் நியோடிமியம் யாக் 1064 நானோமீட்டர் ஒளியை வெளியிடுகிறது. அலைநீளம் கூடினால் ஆற்றல் குறைவு என்பதை மேலே பார்த்தோம். உள்ளே போன ஒவ்வோர் ஒளித்துகளின் ஆற்றலிலும் ஏறத்தாழ 24 சதவீதம் வெளியே வரும் ஒளித்துகளில் இருப்பதில்லை; அது படிகத்துக்குள் வெப்பமாகத் தங்கிவிடுகிறது. இந்த இழப்புக்குக் குவாண்டம் குறைபாடு என்று பெயர். எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும், இந்த இரண்டு அலைநீளங்களைப் பயன்படுத்தும் வரை இந்த வெப்பத்தைத் தவிர்க்க இயலாது.

வெப்பம் பிறக்கும் இடம் பம்ப் ஒளி பாயும் படிகத்தின் நடுப்பகுதி. அது வெளியேறும் இடம் உலோகப் பிடிப்பைத் தொட்டிருக்கும் விளிம்பு. எனவே நடு சூடாகவும் விளிம்பு குளிராகவும் இருக்கும். யாக் படிகத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதற்கான அளவு, வெப்பத்தோடு கூடுகிறது. ஆகவே தட்டையாக வெட்டப்பட்ட படிகம்கூட நடுவில் தடித்த குவிவில்லையைப் போல ஒளியைக் குவிக்கத் தொடங்குகிறது. இதுவே வெப்ப வில்லை.

பிடிப்பின் வெப்பநிலையை எத்தனை துல்லியமாக நிலைநிறுத்தினாலும் இந்த வில்லை மறைவதில்லை என்பதைத் தொடக்கநிலையில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையிலான வேறுபாடு பம்ப் ஒளியின் வலிமையைப் பொறுத்தது. நிலைநிறுத்தத்தால் கிடைக்கும் நன்மை வேறு: வில்லையின் வலிமை மாறாமல் இருக்கிறது. மாறாத வில்லையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஆடிகளின் வளைவையும் இடைவெளியையும் வடிவமைத்துவிடலாம். லேசரை இயக்கியதும் முழுத்திறன் கிடைக்காமல் சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம், அந்த வில்லையும் அதைச் சுற்றியுள்ள உலோகமும் தம் நிலையான வடிவத்தை அடைய நேரம் பிடிப்பதுதான்.

பச்சை ஒளிக்கு ஓர் அடுப்பு

1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதை இன்னொரு படிகத்தின் வழியே செலுத்தி, அலைநீளம் பாதியாகிய 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றலாம். இதற்கு அதிர்வெண் இரட்டிப்பு என்று பெயர். இந்த மாற்றம் திறம்பட நடக்க, அகச்சிவப்பு அலையும் அதிலிருந்து பிறக்கும் பச்சை அலையும் படிகத்துக்குள் ஒரே வேகத்தில் நகர வேண்டும். வேகம் வேறுபட்டால், படிகத்தின் ஒரு பகுதியில் பிறந்த பச்சை ஒளியை அடுத்த பகுதியில் பிறந்த பச்சை ஒளியே அழித்துவிடும். இரு அலைகளும் ஒருசேர நகரும் நிலையைக் கட்டப் பொருத்தம் என்கிறார்கள். வேகத்தை நிர்ணயிப்பது ஒளிவிலகல் எண்; ஒளிவிலகல் எண்ணோ வெப்பநிலையோடு மாறுகிறது. ஆகவே இங்கும் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

எல்பிஓ எனப்படும் லித்தியம் ட்ரைபோரேட் படிகத்தில் கட்டப் பொருத்தத்தை மிகச் சிறப்பாகப் பெறும் ஒரு வழி, அதைச் சுமார் 149 டிகிரி செல்சியஸில் ஒரு சிறு அடுப்புக்குள் வைத்திருப்பது. டயோடை 25 டிகிரியில் பிடித்து வைத்திருக்கும் அதே பெட்டிக்குள், சில சென்டிமீட்டர் தள்ளி, கொதிநீரைவிடச் சூடான ஒரு படிகம் இருக்கிறது. குளிர்ச்சியே லேசருக்கு நல்லது என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கேடிபி என்ற மற்றொரு படிகம் வெப்பநிலை மாற்றத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சிறிய, மலிவான பச்சை லேசர்களில் அது இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, மூன்று பாகங்களுக்கு மூன்று தேவைகள்: டயோடுக்குச் சரியான நிறம், யாக் படிகத்துக்கு மாறாத வில்லை, இரட்டிப்புப் படிகத்துக்குப் பொருந்திய வேகம்.

நிலைநிறுத்தும் சுற்று எப்படி வேலை செய்கிறது

ஒரு வெப்பநிலையைப் பிடித்து வைக்க மூன்று செயல்கள் வேண்டும்: அளத்தல், முடிவெடுத்தல், வெப்பத்தை நகர்த்தல்.

அளப்பதற்குப் பெரும்பாலும் பயன்படுவது தெர்மிஸ்டர், அதாவது வெப்பநிலையோடு மின்தடை மாறும் ஒரு சிறு மணி. பரவலான ஒரு வகையில் 25 டிகிரியில் தடை 10,000 ஓம். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் அது 4 சதவீதத்தை ஒட்டிக் குறைகிறது. ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு மாறினாலும் தடை 4 ஓம் அளவுக்கு மாறும். அதைச் சாதாரண மின்னணுச் சுற்றே எளிதில் உணர்ந்துவிடும்.

வெப்பத்தை நகர்த்துவது பெல்டியர் தகடு. இரு வேறு பொருள்களின் இணைப்பில் மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்பதைப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பெல்டியர் 1834-இல் கண்டறிந்தார். இன்றைய தகடுகளில் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைகடத்தியின் சிறு கட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மின்னோட்டத்தின் திசையைத் திருப்பினால் குளிர்ந்த பக்கம் சூடாகத் தொடங்கும் என்பதே இதன் அருமை. ஒரே தகடு ஆற்றவும் செய்கிறது, சூடேற்றவும் செய்கிறது. காற்றாடி வைத்து வெறுமனே காற்று வீசும் அமைப்பால் இதைச் செய்ய முடியாது. அறை குளிர்ந்தால் அதனுடன் டயோடும் குளிர்ந்துவிடும்.

முடிவெடுப்பது கட்டுப்படுத்தி. வீட்டுக் குளிர்பெட்டிகள் பலவற்றில் உள்ளதுபோல், சூடு கூடினால் முழுவதும் இயக்கு, குறைந்தால் முழுவதும் நிறுத்து என்ற முறை இங்கே உதவாது. அதில் வெப்பநிலை எப்போதும் மேலும் கீழும் ஊசலாடும், அலைநீளமும் ஊசலாடும், கற்றையின் வலிமையும் அதைப் பின்பற்றும். மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்குவதால் பெல்டியர் தகட்டின் பற்றாசு இணைப்புகளும் நாளடைவில் விரிசல் காணும். எனவே பிஐடி என்ற முறையைக் கையாளுகிறார்கள். அளந்த வெப்பநிலைக்கும் வேண்டிய வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த முறை மூன்று விதமாகப் பார்க்கிறது. இப்போது வேறுபாடு எவ்வளவு என்பதற்கு ஏற்ப மின்னோட்டத்தைத் தருவது முதல் பகுதி. அது மட்டும் இருந்தால், இலக்குக்குச் சற்று முன்பாகவே வெப்பநிலை நின்றுவிடும். ஏனெனில் வேறுபாடு சுழியமானால் மின்னோட்டமும் சுழியமாகிவிடும், ஆனால் டயோடோ தொடர்ந்து வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்க, கடந்துபோன வேறுபாடுகளைக் கூட்டிக்கொண்டே வந்து, அவை தீரும் வரை மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றுவது இரண்டாம் பகுதி. வேறுபாடு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பார்த்து, இலக்கைத் தாண்டி ஓடிவிடாமல் முன்கூட்டியே தடுப்பது மூன்றாம் பகுதி.

விளைவை அளந்து, அதைக் கொண்டே செயலைத் திருத்தும் இந்தச் சுழற்சிக்குப் பின்னூட்டம் என்று பெயர். நன்கு அமைந்த ஒரு பின்னூட்டச் சுற்று, தெர்மிஸ்டர் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்துக்குள் பிடித்து வைத்திருக்கும்.

தெர்மிஸ்டருக்குத் தெரியாதது

"தெர்மிஸ்டர் இருக்கும் இடத்தின்" என்று மேலே சொன்னதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டயோடில் ஒளி பிறக்கும் மெல்லிய அடுக்கும் தெர்மிஸ்டரும் ஒரே இடத்தில் இல்லை. நடுவில் பற்றாசும் செப்பும் இருக்கின்றன. ஒவ்வொரு வாட் வெப்பத்துக்கும் அந்த இடைவெளியில் 2 டிகிரி வேறுபாடு எழுவதாகக் கொண்டால், 5 வாட் வெப்பத்தை உமிழும் டயோடின் உள்ளடுக்கு தெர்மிஸ்டர் காட்டுவதைவிட 10 டிகிரி சூடாக இருக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் இந்த வேறுபாடும் கூடும். திரையில் 25.00 என்ற எண் அசையாமல் நிற்கும்போதே அலைநீளம் நகர்ந்திருப்பது இதனால்தான். ஆகவே டயோடின் மின்னோட்டத்தை மாற்றும்போதெல்லாம், லேசரின் வெளியீட்டைப் பார்த்துக்கொண்டே இலக்கு வெப்பநிலையையும் சிறிது மாற்றிப் பார்த்து, உச்சத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு தவறு, பெல்டியர் தகடு வெப்பத்தை அழித்துவிடுகிறது என்று நினைப்பது. அது வெப்பத்தை மறுபக்கத்துக்கு இடம் மாற்றுகிறது, அவ்வளவே. கூடவே, தான் வாங்கிய மின்னாற்றலையும் வெப்பமாக்கி அங்கே சேர்க்கிறது. டயோடிலிருந்து 5 வாட் வெப்பத்தை எடுக்கத் தகட்டுக்கு 4 வாட் மின்னாற்றல் தேவைப்பட்டால், பின்பக்கத்து ஹீட் சிங்க், அதாவது வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு, 9 வாட்டைக் காற்றில் கரைத்தாக வேண்டும். ஹீட் சிங்க் சிறியதாக இருந்தாலோ காற்றாடியில் தூசு அடைத்திருந்தாலோ பின்பக்கம் சூடேறும். வெப்பநிலை வேறுபாடு பெருகத் தகட்டின் திறன் குறையும். கட்டுப்படுத்தி மேலும் மின்னோட்டம் செலுத்தும். பின்பக்கம் இன்னும் சூடேறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு, கூட்டும் ஒவ்வொரு துளி மின்னோட்டமும் டயோடை ஆற்றுவதற்குப் பதிலாகச் சூடேற்றவே செய்யும். கட்டுப்படுத்தியில் மின்னோட்ட வரம்பு வைப்பதும், குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் டயோடை அணைத்துவிடும் ஏற்பாடும் இதற்காகத்தான். புதிதாக இணைக்கும்போது பெல்டியரின் இரண்டு கம்பிகளும் இடம் மாறிவிட்டால், முதல் நொடியிலிருந்தே இதே ஓட்டம் தொடங்கிவிடும். ஆகையால் டயோடை இயக்காமல் முதலில் வெப்பநிலைச் சுற்றை மட்டும் சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் மற்றொரு தொல்லை உண்டு. காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிப்புள்ளி என்பார்கள். சென்னை போன்ற கடலோர நகரங்களில் புழுக்கமான நாள்களில் அது 25 டிகிரியை எட்டிவிடும். அப்படிப்பட்ட நாளில் திறந்த நிலையில் உள்ள டயோடை 18 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதன் ஒளி உமிழும் முகப்பில் நீர் படிந்து, டயோடு அழியவும் கூடும். காற்றுப் புகாத உறையும் உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருளும் இல்லாமல் பனிப்புள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது.

கட்டுப்பாடு இல்லாத பச்சை லேசர் பேனா

மலிவான பச்சை லேசர் பேனாக்களில் பல இதே அமைப்பின் மிகச் சிறிய வடிவங்கள்: 808 நானோமீட்டர் டயோடு, யாக்கின் இடத்தில் நியோடிமியம் கலந்த வனேடேட் என்ற படிகம், அதோடு ஒட்டப்பட்ட கேடிபி படிகம். இவற்றில் தெர்மிஸ்டரும் இல்லை, பெல்டியரும் இல்லை. குளிரில் மங்குவதும், தொடர்ந்து எரியவிட்டால் வலிமை ஏறி இறங்குவதும் அதனால்தான். ஆனால் பச்சை மங்குவது ஆபத்து குறைந்ததன் அடையாளமன்று. பச்சையாக மாறாத அகச்சிவப்பு ஒளி, தடுக்கும் வடிகட்டி இல்லாவிட்டால், அப்படியே வெளியே வரும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை, பச்சை மிக மங்கலாகவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வலுவாகவும் வெளிவந்த ஒரு மலிவான பேனாவைப் பற்றி எச்சரித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண் இமைப்பதில்லை. குழந்தைகளின் கையில் இவற்றை ஒருபோதும் தரக் கூடாது.

வெப்பநிலையே திருகாணியாகும் இடம்

மறுகோடியில் ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ ஆய்வகங்களின் லேசர் இருக்கிறது. அதன் தொடக்க ஒளி, டயோடால் ஊட்டப்படும் ஒரு சிறு நியோடிமியம் யாக் படிகத்தில் பிறக்கிறது. 1985-இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் கேனும் பையரும் உருவாக்கிய வகை அது. தனி ஆடிகள் கிடையாது, படிகத்தின் முகங்களே ஆடிகளாகி ஒளியைச் சுற்றிவரச் செய்கின்றன. ஒளி சுற்றிவரும் பாதையின் நீளமே ஒளியின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. படிகம் ஒரு டிகிரி சூடானால் பாதை சிறிது நீண்டு, அதிர்வெண் சுமார் 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 300 கோடி அதிர்வுகள் குறைகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி மாறினாலே 30 லட்சம் அதிர்வுகள் வேறுபடும். எனவே அங்கே வெப்பநிலை ஒரு தொல்லையாக மட்டும் இல்லை. அதிர்வெண்ணை வேண்டிய இடத்துக்கு மெதுவாக நகர்த்தும் கருவியாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். விரைவான சிறு திருத்தங்களைப் படிகத்தின் மேல் ஒட்டிய அழுத்தமின் தகடு, அதாவது மின்னழுத்தம் தந்தால் நுண்ணளவில் வடிவம் மாறும் தகடு, செய்கிறது.

தேவையையே குறைக்கும் வழி

அண்மைக் காலத்தில், டயோடின் முன்னால் ஒரு சிறப்புக் கண்ணாடித் துண்டை வைக்கும் முறை பரவியிருக்கிறது. நுண்ணிய அடுக்குகள் பதிக்கப்பட்ட அந்தத் துண்டு, ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் டயோடுக்குள் திருப்பி அனுப்பி, அதே அலைநீளத்தில் உமிழுமாறு அதைக் கட்டிவைக்கிறது. இவ்வாறு கட்டப்பட்ட டயோடின் நகர்வு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.01 நானோமீட்டராகக் குறைந்துவிடுவதால், பல டிகிரி ஏற்ற இறக்கத்தையும் லேசர் தாங்கிக்கொள்கிறது. ஆனால் டயோடின் இயல்பான அலைநீளம் கண்ணாடித் துண்டின் அலைநீளத்திலிருந்து சில நானோமீட்டருக்கு மேல் விலகினால் கட்டு அறுந்துவிடும். எனவே டயோடின் வெப்பநிலையை ஒரு தளர்ந்த வரம்புக்குள்ளாவது வைத்திருக்கத்தான் வேண்டும். படிகத்தின் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் எல்பிஓவின் 149 டிகிரி அடுப்பும் முன்போலவே தேவைப்படுகின்றன.